மின்மிதிவண்டிக்கு எந்த பேட்டரி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்மிதிவண்டி வாங்கியவர்களும், சாதாரண மிதிவண்டியில் மோட்டார் பொருத்திக்கொண்டவர்களும் பேட்டரியைப் பற்றி என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அதே பெருக்கல் கணக்கைப் பலமுறை தாளில் போட்டுக் காட்டிய பிறகு, இதை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கூடியவரை கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். மிதிக்கும் வசதியுடைய, 250 முதல் 1000 வாட் வரையிலான மோட்டார் கொண்ட வண்டிகளை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. ஸ்கூட்டருக்கும் அடிப்படை இதுவேதான். எண்கள் மட்டும் பெரிதாகும்.

1. வோல்ட், ஆம்பியர்-மணி, வாட்-மணி என்று மூன்று எண்கள் போட்டிருக்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

பேட்டரிக்குள் மொத்தம் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதைச் சொல்வது வாட்-மணி மட்டுமே. வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் அது கிடைத்துவிடும். 36 வோல்ட், 15 ஆம்பியர்-மணி பேட்டரியில் 540 வாட்-மணி இருக்கிறது. 48 வோல்ட், 11 ஆம்பியர்-மணி பேட்டரியில் 528 இருக்கிறது. விற்பவர்கள் “ஏஎச்” என்று சொல்லும் ஆம்பியர்-மணியை மட்டும் பார்த்தால் முதலாவது மிகப் பெரியதாகத் தெரியும். உண்மையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே தூரம்தான் ஓடும்.

ஆகவே இரண்டு பேட்டரிகளை ஒப்பிடும்போது வாட்-மணியை ஒப்பிடுங்கள். வண்டிக்குப் பொருந்துமா என்று பார்க்கும்போது வோல்ட்டைப் பாருங்கள். யாரும் கேட்காத நான்காவது எண் ஒன்று இருக்கிறது: அந்த பேட்டரி தொடர்ந்து எத்தனை ஆம்பியர் கொடுக்க முடியும் என்பது. பிற்பாடு வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் அந்த எண்ணைக் கேட்காமல் விட்டதால் வருபவை. ஏழாம் கேள்வியில் அதை விரிவாகப் பார்க்கலாம்.

2. என் வண்டிக்கு 36 வோல்ட் போதுமா, 48 போடலாமா, 52 என்றும் ஒன்று சொல்கிறார்களே?

இதை முடிவு செய்வது நீங்களோ விற்பவரோ அல்ல, பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர். அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் வோல்ட்டும், எந்த அளவுக்குக் கீழே போனால் மின்சாரத்தை நிறுத்தும் என்பதும், அதிகபட்ச ஆம்பியரும் அச்சிடப்பட்டிருக்கும். பேட்டரி தேடத் தொடங்கும் முன்பே அந்தச் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி என்பது பல சிறு செல்களின் தொகுப்பு. வழக்கமான லித்தியம்-அயன் செல் ஒன்றின் பெயரளவு மின்னழுத்தம் 3.6 வோல்ட், முழுதாக ஏறியதும் 4.2 வோல்ட். இதில் பத்து செல்களைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட் பேட்டரி, பதின்மூன்றை இணைத்தால் 48, பதினான்கை இணைத்தால் 52 என்று பெயர். முழு சார்ஜில் இவை முறையே 42, 54.6, 58.8 வோல்ட் காட்டும். 48 வோல்ட் கன்ட்ரோலர்கள் பலவற்றில் 63 வோல்ட் தாங்கும் மின்தேக்கிகள் இருப்பதால் 52 வோல்ட் பேட்டரியை அவை ஏற்றுக்கொள்வதுண்டு. ஆனால் தயாரிப்பாளர் எழுத்தில் அனுமதித்திருந்தால் மட்டுமே அதைச் செய்யுங்கள். “60 வோல்ட்” என்று விற்கப்படும் பதினாறு செல் பேட்டரியோ முழு சார்ஜில் 67.2 வோல்ட்டுக்குப் போகும். அந்த மின்தேக்கி அதைத் தாங்காது.

3. தினமும் 30 கிலோமீட்டர் போகிறேன். எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும்?

மிதித்துக்கொண்டே மோட்டாரின் துணையை வாங்கினால் கிலோமீட்டருக்கு 8 முதல் 12 வாட்-மணி செலவாகும். மிதிக்காமல் கைப்பிடியைத் திருகியே ஓட்டினால் 15 முதல் 20 வரை போகும். மிதிப்பவருக்கு 12 என்று வைத்துக்கொண்டால் 30 கிலோமீட்டருக்கு 360 வாட்-மணி. இதையே வாங்கிவிடக் கூடாது. தினமும் அடிவரை வற்றச் செய்யாமல் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைக்க வேண்டும். சில ஆண்டுகளில் கொள்ளளவு இன்னொரு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 360-ஐ 0.8 ஆல் இருமுறை வகுத்தால் ஏறக்குறைய 560 வருகிறது. 36 வோல்ட்டில் 16 ஆம்பியர்-மணி, 48 வோல்ட்டில் 12 ஆம்பியர்-மணி என்பது அதற்குச் சரியான அளவு.

மேடும் வேகமும் இந்தக் கணக்கை மாற்றும். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்றால், 100 மீட்டர் உயரம் ஏறுவதற்கு மட்டும் 27 வாட்-மணி வேண்டும். மோட்டாரில் வெப்பமாகப் போவதையும் சேர்த்தால் 35-ஐத் தாண்டும். வழியில் அப்படி ஓர் ஏற்றம் இருந்தால் சமதரையில் மூன்று கிலோமீட்டர் கூடுதலாக ஓட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். வேகம் இதைவிடக் கடுமையாகத் தின்னும்: காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாக உயர்வதால், 25-இல் ஓட்டியவர் 35-இல் ஓட்டத் தொடங்கினால் அதே ஒரு கிலோமீட்டருக்குக் காற்றோடு போராடச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

4. 80 கிலோமீட்டர் என்று சொல்லித்தான் விற்றார்கள். எனக்கு 45-க்கு மேல் போகவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். நிபந்தனைகளைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். எடை குறைந்த ஒருவர், காற்றில்லாத சமதரையில், மிகக் குறைந்த துணை நிலையில், தானும் நன்றாக மிதித்து ஓட்டினால் கிடைக்கும் தூரம் அது. உங்கள் பேட்டரியின் வாட்-மணியை நீங்கள் ஓடிய கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். மேலே சொன்ன 8 முதல் 20 என்ற வரம்புக்குள் விடை இருந்தால் பேட்டரியில் கோளாறு இல்லை. சமதரையில் ஓட்டியும் 25-ஐத் தாண்டினால், ஒன்று லேபிள் பொய், அல்லது பேட்டரி தேய்ந்திருக்கிறது, அல்லது பிரேக் உரசுகிறது. கடைசியாகச் சொன்னதை முதலில் பாருங்கள்; சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டாலே தெரிந்துவிடும்.

5. லெட்-ஆசிட் போதும் என்கிறார் ஒருவர், லித்தியம் என்கிறார் இன்னொருவர், எல்எஃப்பி என்கிறார் மூன்றாமவர். எதை நம்புவது?

முதலில் எடையைப் பாருங்கள். 500 வாட்-மணிக்கு லெட்-ஆசிட் பேட்டரி ஏறத்தாழ 14 கிலோ வரும். எல்எஃப்பி எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் 5 கிலோ. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்எம்சி வகை 3 கிலோ சொச்சம். மிதிவண்டியில் 14 கிலோ ஈயம் ஏறிய பிறகு அதை யாரும் மிதிக்க மாட்டார்கள். தவிர, லெட்-ஆசிட்டின் ஆம்பியர்-மணி மெதுவாகச் செலவழிப்பதை வைத்து அளக்கப்பட்டது. ஒரு மணி நேரத்துக்குள் உறிஞ்சினால் அச்சிட்டதைவிடக் கணிசமாகக் குறைவாகவே கிடைக்கும். அடிவரை வற்றவிட்டால் சில நூறு சுற்றுகளில் (ஒருமுறை ஏற்றி இறக்குவது ஒரு சுற்று) ஓய்ந்துவிடும். 1859-இல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய அமைப்பு இன்றும் கார்களில் இன்ஜினைக் கிளப்ப உதவுவது வியப்புதான். அந்த வேலைக்கு அது பொருத்தம், மிதிவண்டிக்கு இல்லை.

மிச்சமிருக்கும் இரண்டில் தேர்வு உங்கள் வண்டியையும் பழக்கத்தையும் பொறுத்தது. என்எம்சி சிறியது, இலேசானது, சட்டத்தின் குழாயில் பொருத்தும் பெட்டிக்குள் அடங்கிவிடும். 500 முதல் 1000 முழுச் சுற்றுகளில் கொள்ளளவு எண்பது விழுக்காட்டுக்கு இறங்கும். 1997-இல் ஜான் குட்எனஃபின் ஆய்வுக்குழு வெளியிட்ட இரும்பு பாஸ்பேட் வகை கனமானது, இடம் அதிகம் கேட்பது. ஆனால் இரண்டாயிரம் சுற்றுகளைத் தாண்டி உழைக்கும். பாஸ்பேட்டுக்குள் ஆக்சிஜன் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் சூடேறினாலும் எளிதில் தீயாக மாறாது. பின்பக்கச் சட்டத்தில் பெட்டி வைக்க இடமிருந்து, தினமும் ஒரே வழியில் சுமையோடு ஓட்டுபவராக இருந்தால் எல்எஃப்பி எடுங்கள். வண்டியை மாடிப்படியில் தூக்கிச் செல்பவராக இருந்தால் என்எம்சி எடுங்கள். நான் என்எம்சிதான் வைத்திருக்கிறேன், காரணம் மாடிப்படி.

6. ஆம்பியர்-மணி கூடினால் வேகமும் கூடுமா?

கூடாது. வேகத்தை நிர்ணயிப்பவை வோல்ட்டும் மோட்டாரின் கம்பிச் சுற்றும் கன்ட்ரோலரும். பெரிய பேட்டரியில் மேடேறும்போது மின்னழுத்தம் குறைவாகச் சரிவதால் இழுவை சற்று உயிரோட்டமாக இருப்பதுபோல் தோன்றும், அவ்வளவுதான்.

7. கன்ட்ரோலரில் 22 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. 10 ஆம்பியர்-மணி பேட்டரி எப்படி 22 கொடுக்கும்? போட்டால் தாங்குமா?

ஆம்பியர்-மணி என்பது இருப்பு. ஆம்பியர் என்பது அந்த இருப்பை எடுக்கும் வேகம். 10 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் எடுத்தால் ஒரு மணி நேரத்தில் தீரும். அதை 1சி என்பார்கள். 22 எடுத்தால் 2.2சி. அது தாங்குமா என்பது உள்ளே இருக்கும் செல்லைப் பொறுத்தது. 3.5 ஆம்பியர்-மணி செல்கள் மூன்றை இணையாக வைத்து ஒரு 10 ஆம்பியர்-மணி பேட்டரி செய்யலாம், 2.5 ஆம்பியர்-மணி செல்கள் நான்கை வைத்தும் செய்யலாம். முதலாவதில் ஒவ்வொரு செல்லும் 7.3 ஆம்பியர் சுமக்கிறது, இரண்டாவதில் 5.5. அதிக இருப்புக்காகச் செய்யப்பட்ட செல்கள் பலவற்றை 5 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து இழுப்பது அவற்றைச் சுடவைப்பதுதான். அதிக ஓட்டத்துக்காகச் செய்யப்பட்ட 2.5 ஆம்பியர்-மணி செல்களில் 20 ஆம்பியர் தாங்குபவையும் உண்டு. லேபிளில் இரண்டு பேட்டரிகளும் ஒன்றுதான்; ஓராண்டு கழித்து ஒன்றாக இருக்காது.

பேட்டரிக்குள் இருக்கும் மின்தடையை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். புதிய பேட்டரி ஒன்றின் மொத்த மின்தடை 0.15 ஓம் என்று கொள்வோம். 22 ஆம்பியர் ஓடும்போது 3.3 வோல்ட் உள்ளேயே தொலைகிறது; 70 வாட்டுக்கு மேல் வெப்பமாகிறது. பழைய குண்டு பல்பு ஒன்றை மூடிய பெட்டிக்குள் எரியவிட்டது போலத்தான். தேய்ந்து மின்தடை 0.3 ஓம் ஆகிவிட்டால் இழப்பும் வெப்பமும் இரட்டிப்பாகும்.

எனவே விற்பவரிடம் “தொடர் மின்னோட்டம் எத்தனை ஆம்பியர்?” என்று கேளுங்கள். உச்ச மின்னோட்டத்தைச் சொல்லி நழுவுவார்கள். அது சில நொடிகளுக்கான எண். கன்ட்ரோலரின் அதிகபட்சத்தைப் போல ஒன்றேகால் மடங்காவது தொடர் மின்னோட்டம் இருக்க வேண்டும்: 22-க்கு 28 அல்லது 30. காவல் பலகையான பிஎம்எஸ் 30 ஆம்பியர் என்பதால் மட்டும் திருப்தியடையாதீர்கள். பலகை 30-ஐ அனுமதிக்கும். செல்லால் முடியுமா என்பது வேறு கேள்வி. செல்லின் தயாரிப்பாளர் பெயரையும் மாதிரி எண்ணையும் எழுத்தில் தர மறுப்பவரிடம் நான் வாங்குவதில்லை.

8. மீட்டரில் பாதி சார்ஜ் காட்டும்போதே மேட்டில் வண்டி அணைந்துவிடுகிறது. நிறுத்தி மறுபடி போட்டால் ஓடுகிறது. ஏன்?

ஏழாம் பதிலில் சொன்ன மின்னழுத்தச் சரிவுதான் இது. பதின்மூன்று செல் பேட்டரி பாதி சார்ஜில் 47.5 வோல்ட் அளவில் இருக்கும். தேய்ந்த பேட்டரியில் மேட்டில் 22 ஆம்பியர் இழுக்கும்போது 6.6 வோல்ட் சரிந்து 41-க்கு வந்துவிடும். கன்ட்ரோலர் 41 அல்லது 42-இல் நிறுத்தும்படி அமைக்கப்பட்டிருந்தால் அங்கேயே அணைத்துவிடும். சுமை நீங்கியதும் மின்னழுத்தம் பழைய இடத்துக்கு ஏறுவதால் வண்டி மறுபடி உயிர்பெறுகிறது. கன்ட்ரோலரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இதே புகாரோடு வந்த ஒரு பேட்டரியைத் திறந்து, வெள்ளைக் கம்பிகள் செருகியிருந்த இடத்தில் வரிசை வரிசையாக அளந்தேன் (இணையாக ஒட்டிய செல்களின் ஒரு தொகுப்பை வரிசை என்கிறேன்). 4.08, 4.09, 4.08 என்று சீராக வந்துகொண்டிருந்த மீட்டர், ஒன்பதாவது வரிசையில் 3.31 காட்டியது. தொடரில் பன்னிரண்டு வரிசைகள் நிரம்பியிருந்தும் பயனில்லை. ஒன்பதாவது வற்றியதும் பிஎம்எஸ் எல்லாவற்றையும் துண்டித்துவிடும். இத்தகைய பேட்டரியில் மொத்த வோல்ட் கிட்டத்தட்டச் சரியாகவே தெரிவதால் வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. எல்எஃப்பி வகையில் மீட்டரை நம்பவே வேண்டாம்: அதன் மின்னழுத்தம் பெரும்பகுதி நேரம் செல்லுக்கு 3.2 முதல் 3.3 வோல்ட்டிலேயே அசையாமல் நின்று, கடைசியில் சட்டென்று விழும்.

9. பிஎம்எஸ் என்றால் என்ன? எல்லா பேட்டரியிலும் அது இருக்கும்தானே?

ஒவ்வொரு வரிசையின் மின்னழுத்தத்தையும் தனித்தனியே கவனித்து, என்எம்சி வகையில் 4.2-க்கு மேலே ஏறாமலும் 3 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே இறங்காமலும், மின்னோட்டம் மிகாமலும் துண்டிக்கும் சிறு பலகை அது. லித்தியம் பேட்டரிகளில் பெரும்பாலும் இருக்கத்தான் செய்யும், ஆனால் தரம் ஒன்றல்ல. வெப்ப உணரி இருக்கிறதா, வரிசைகளைச் சமப்படுத்தும் வசதி இருக்கிறதா என்று இரண்டைக் கேளுங்கள். மலிவான பலகைகளில் வெப்ப உணரிக்கான இடம் காலியாக இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

சமப்படுத்தும் வசதியின் வேகத்தையும் அறிந்துகொள்ளுங்கள். பல பலகைகள் 50 முதல் 100 மில்லி ஆம்பியரில்தான் அந்த வேலையைச் செய்கின்றன, அதுவும் முழு சார்ஜை நெருங்கும்போது மட்டும். ஒரு வரிசை ஓர் ஆம்பியர்-மணி பின்தங்கியிருந்தால், சரியாவதற்குப் பத்து முதல் இருபது மணி நேரம் ஆகலாம். எட்டாம் பதிலில் சொன்ன பேட்டரியைப் போல செல்லே பழுதாகியிருந்தால் எந்தப் பலகையாலும் அதை மீட்க முடியாது.

10. லேபிளில் 20 ஆம்பியர்-மணி என்று இருக்கிறது. உண்மையா என்று திறக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

தராசில் வையுங்கள். 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட 18650 செல் 45 முதல் 48 கிராம் இருக்கும். நல்ல செல் 2.5 முதல் 3.5 ஆம்பியர்-மணி தரும். சற்றுப் பெரிய 21700 செல் 70 கிராம் அளவில் 4 முதல் 5 வரை தரும். “9900” என்று மில்லி ஆம்பியர்-மணியில் அச்சிட்ட 18650 செல்கள் விற்கப்படுகின்றன. அந்த உருளைக்குள் அதற்கு இடமே இல்லை.

ஒருமுறை “48 வோல்ட் 20 ஆம்பியர்-மணி” என்ற பேட்டரி என் கைக்கு வந்தது. தூக்கியதுமே கை சந்தேகப்பட்டது. தராசில் பெட்டியோடு 3.3 கிலோ. 2.6 ஆம்பியர்-மணி செல்களால் 20 வரவேண்டுமானால் வரிசைக்கு எட்டு வீதம் 104 செல்கள் வேண்டும். செல்களின் எடையே 4.7 கிலோ ஆகியிருக்கும். 3.5 ஆம்பியர்-மணி செல்கள் என்றால் 78 போதும், ஆனால் அவையும் பெட்டியும் சேர்ந்து நான்கரை கிலோவுக்குக் குறையாது. உரிமையாளரின் சம்மதத்தோடு திறந்தபோது உள்ளே 52 செல்களும், மிச்ச இடத்தை அடைத்துக்கொண்டு கறுப்பு நுரைப் பஞ்சும் இருந்தன. அளந்ததில் 8.8 ஆம்பியர்-மணி. அவர் ஏழு மாதங்களாக “வண்டி சரியில்லை” என்று மோட்டாரைக் குறைசொல்லிக்கொண்டிருந்தார்.

எடை சரியாக இருந்தால் அடுத்த சோதனை வாட்-மீட்டர். பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே அதை இணைத்து, முழு சார்ஜிலிருந்து வண்டி நிற்கும்வரை ஓட்டினால் வாட்-மணியே திரையில் தெரியும். அச்சிட்டதில் 90 விழுக்காடு வந்தால் நேர்மையான பேட்டரி.

11. பழைய வண்டியின் சார்ஜர் இருக்கிறது. செருகும் பின் பொருந்துகிறது. அதையே பயன்படுத்தலாமா?

பின் பொருந்துவதை ஒரு சான்றாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். 42 வோல்ட் சார்ஜருக்கும் 54.6 வோல்ட் சார்ஜருக்கும் ஒரே பின்னை வைத்து விற்கிறார்கள். இரண்டாம் பதிலில் சொன்ன முழு சார்ஜ் எண்தான் சார்ஜரின் வெளியீட்டு எண்ணாக இருக்க வேண்டும். 58.8 வோல்ட் சார்ஜரைப் பதின்மூன்று செல் பேட்டரியில் செருகினால், செல் ஒவ்வொன்றும் 4.5 வோல்ட்டை நோக்கித் தள்ளப்படுகிறது. நடுவில் நிற்பது பிஎம்எஸ் மட்டுமே. அது பழுதாகியிருந்தால் அடுத்தது தீ. பதினாறு செல் எல்எஃப்பி பேட்டரிக்கு 58.4 வோல்ட் சார்ஜர் வேண்டும். லெட்-ஆசிட் சார்ஜர் கிட்டத்தட்ட அதே எண்ணைக் காட்டினாலும் கூடாது: சிலவற்றில் உள்ள துடிப்பு முறையும், நிரம்பிய பிறகும் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டே இருக்கும் முறையும் லித்தியத்துக்கு ஆகாதவை.

எத்தனை ஆம்பியர் சார்ஜர் என்பது உங்கள் நேரத்தைப் பொறுத்தது. 13 ஆம்பியர்-மணி பேட்டரி 2 ஆம்பியரில் ஏழு மணி நேரம் எடுக்கும், 4 ஆம்பியரில் நான்கு மணி நேரத்துக்குள் முடியும். இரவெல்லாம் நேரம் இருப்பவருக்கு 2 ஆம்பியரே நல்லது.

12. லெட்-ஆசிட் வண்டியில் அதே இடத்தில் லித்தியம் வைத்துவிடலாமா?

வைக்கலாம்; பலர் வெற்றிகரமாகச் செய்திருக்கிறார்கள். 12 வோல்ட் பெட்டிகள் நான்கு இருந்த 48 வோல்ட் வண்டியின் கன்ட்ரோலர் வழக்கமாக 42 வோல்ட்டில் நிறுத்தும். அங்கே பதினாறு செல் எல்எஃப்பி வைத்தால் நிறுத்தும் இடம் செல்லுக்கு 2.6 வோல்ட்டாகவும், பதின்மூன்று செல் என்எம்சி வைத்தால் 3.2 வோல்ட்டாகவும் அமையும். இரண்டுமே பாதுகாப்பான எல்லைக்குள் வருகின்றன. சார்ஜர் கட்டாயம் மாற வேண்டும், வண்டியின் சார்ஜ் முள் பொய் சொல்லும், காலியாகும் இடத்தில் பேட்டரி குலுங்காதபடி ரப்பர் தகடு வைத்து இறுக்க வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது மோட்டார் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் வண்டிகளில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. பேட்டரி நிரம்பியிருக்கும்போது இறக்கத்தில் பிரேக் பிடித்தால், திரும்பி வரும் மின்சாரத்தை ஏற்க முடியாமல் பிஎம்எஸ் துண்டிக்கும். போக இடமில்லாத மின்னழுத்தம் எகிறி கன்ட்ரோலரைச் சுட்டுவிடக்கூடும். வீட்டிலிருந்து கிளம்பியதும் நீண்ட இறக்கம் வருகிறதென்றால், பேட்டரியை 90 விழுக்காட்டோடு நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்.

13. பழைய பேட்டரியும் இருக்கிறது, புதிதும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து இணைத்தால் தூரம் கூடுமே?

கூடும், ஆனால் நேரடியாக இணைக்கக் கூடாது. முழுதாக ஏறிய ஒன்று 54.6 வோல்ட்டிலும் மற்றது 47 வோல்ட்டிலும் இருக்கும்போது சேர்த்துவிட்டால், 7.6 வோல்ட் வேறுபாடு இரண்டின் உள் மின்தடையை மட்டுமே சந்திக்கிறது. அது 0.2 ஓம் என்றால் 38 ஆம்பியர் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாயும். மெல்லிய நிக்கல் பட்டைகளும் இணைப்பானின் ஊசிகளும் உருகுவது அந்தத் தருணத்தில்தான்.

ஒரே எண்ணிக்கையிலான செல்கள், ஒரே வேதியியல் வகை, மின்னோட்டம் பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் இரட்டை பேட்டரி இணைப்புப் பலகை ஆகிய மூன்றும் இருந்தால் செய்யலாம். மிக எளிய வழி ஒன்று இருக்கிறது: ஒன்று தீர்ந்ததும் வண்டியை நிறுத்தி மற்றதை மாட்டிக்கொள்வது. அரை நிமிட வேலை.

14. நூறு விழுக்காடு ஏற்றக் கூடாது என்கிறார்களே, மெய்யா? வண்டியை இரண்டு மாதம் எடுக்கப் போவதில்லை என்றால்?

மெய்தான், ஆனால் அதையே நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். லித்தியம் செல்லை மூப்படையச் செய்பவை நிரம்பிய நிலையில் நெடுநேரம் கிடப்பதும் வெப்பமும். இரண்டும் சேர்ந்தால் வேகமாக. 54.6-க்குப் பதிலாக 53.3 வோல்ட்டில் நிறுத்தினால் செல்லுக்கு 4.1 வோல்ட்; ஆயுள் நீளும். ஆனால் சமப்படுத்தும் வேலை முழு சார்ஜை நெருங்கும்போதே நடக்கும் என்று ஒன்பதாம் பதிலில் சொல்லியிருப்பதால், சில வாரங்களுக்கு ஒருமுறை முழுதாக ஏற்றி ஓரிரு மணி நேரம் சார்ஜரிலேயே விடுங்கள்.

எடுக்காமல் வைப்பதென்றால் பாதி சார்ஜில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில், வண்டியிலிருந்து கழற்றி வையுங்கள். மாட்டியே வைத்தால் கன்ட்ரோலரும் திரையும் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியை ஒருபோதும் சார்ஜ் செய்யாதீர்கள்: லித்தியம் உலோகமாகவே எதிர்மின்முனையில் படிந்துவிடும், அந்தச் சேதத்தைத் திருப்ப முடியாது. அறைக்குள் கொண்டுவந்து ஓரிரு மணி நேரம் கழித்து ஏற்றுங்கள்.

15. தீப்பிடிக்கும் காணொளிகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. வீட்டுக்குள் சார்ஜ் செய்யலாமா?

பயத்துக்குக் காரணம் உண்டு. ஒரு செல்லின் உள்ளே குறுக்கிணைப்பு ஏற்பட்டால் அது சூடாகி, பக்கத்துச் செல்லைச் சூடாக்கி, சங்கிலியாகப் பரவும். தண்ணீர் புகுந்த பேட்டரி, கீழே விழுந்து நசுங்கிய பேட்டரி, பொருந்தாத சார்ஜர், வகைவகையான பழைய செல்களை வைத்து ஒட்டிய பேட்டரி ஆகியவற்றில்தான் இந்த ஆபத்து அதிகம். யூஎல் 2271 அல்லது ஈஎன் 50604-1 தரச்சான்று பெற்ற பேட்டரியை வாங்குங்கள், யூஎன் 38.3 என்பது சரக்காக அனுப்புவதற்கான சோதனை, அது மட்டும் போதாது. வெளியே போகும் ஒரே வழியை அடைத்தபடியோ கட்டிலுக்குப் பக்கத்திலோ சார்ஜ் செய்யாதீர்கள். நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில், எரியக்கூடியது எதுவும் பக்கத்தில் இல்லாத தரையில் வைத்து ஏற்றுங்கள். பதினோராம் பதிலில் இரவு என்று சொன்னதை மாலையில் தொடங்கிப் படுக்கப்போகும் முன் முடிப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி உப்பியிருந்தாலோ, நகப்பூச்சு போன்ற இனிப்பு நெடி வந்தாலோ, சார்ஜ் ஆகும்போது கை வைக்க முடியாத சூடு இருந்தாலோ அந்த பேட்டரியின் வாழ்நாள் முடிந்தது. உடனே மின்சாரத்தைத் துண்டித்து, முடிந்தால் வெளியே திறந்தவெளியில் வைத்துவிட்டு, மின்கழிவு சேகரிக்கும் இடத்துக்குச் சொல்லுங்கள். குப்பைத்தொட்டியில் போட்டால் அது லாரியின் நசுக்கும் இயந்திரத்தில் வெடிக்கும்.

16. விமானத்தில் எடுத்துப் போக முடியுமா?

முடியாது. பயணி தன்னோடு எடுத்துச் செல்ல எளிதாக அனுமதிக்கப்படுவது 100 வாட்-மணி வரை. விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு 160 வரை. வழக்கமான மின்மிதிவண்டி பேட்டரி அதைப்போல இருமடங்குக்கு மேல் இருக்கும்.

17. பேட்டரி தேய்ந்துவிட்டது. உள்ளே செல்லை மட்டும் மாற்றித் தருகிறேன் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

எல்லாச் செல்களையும் ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து புதிதாகப் போடுவதானால் யோசிக்கலாம். “கெட்டுப்போன நாலைந்தை மட்டும் மாற்றுகிறேன்” என்றால் வேண்டாம். புதிய செல்லும் தேய்ந்த செல்லும் ஒரே தொடரில் இருந்தால் எட்டாம் பதிலில் பார்த்த ஒன்பதாவது வரிசையின் கதை வேறொரு வரிசையில் தொடங்கும். அவர் பட்டைகளைப் புள்ளிப் பற்றவைப்பால் இணைக்கிறாரா, பற்றாசால் ஒட்டுகிறாரா என்று பாருங்கள். செல்லின் முனையில் சூட்டுக்கோலை நேராக வைத்து ஈயத்தை உருக்குபவர், செல்லின் உள்ளே இருக்கும் காப்புகளையும் சேர்த்து வாட்டுகிறார்.

சில நிறுவனங்களின் வண்டிகளில் பேட்டரியும் கன்ட்ரோலரும் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும். அங்கே செல்களைக் கழற்றியதும் பலகை மின்சாரம் இழந்து நிரந்தரமாகப் பூட்டிக்கொள்வதுண்டு. வேறு நிறுவனத்தின் பேட்டரியை மாட்டினால் திரையில் பிழை எண் மட்டும் வரும். பேட்டரிப் பெட்டியின் இணைப்பானைப் பாருங்கள்: தடித்த ஊசிகள் இரண்டு மட்டும் இருந்தால் வோல்ட் பொருந்தினால் பெரும்பாலும் எந்த நிறுவனத்தின் பேட்டரியையும் ஏற்கும் வண்டி. அவற்றுக்குப் பக்கத்தில் மெல்லிய ஊசிகள் மூன்றோ நான்கோ இருந்தால், பணம் கொடுக்கும் முன்பு அவை எதற்காக என்று வண்டித் தயாரிப்பாளரிடம் கேட்டுவிடுங்கள்.